சேவைக்குச் சேவை அழைப்பும் ஏபிஐ கேட்வே வழியாகவே போக வேண்டுமா?

புதுநிரல்:

ஒரே பெரிய நிரலாக இருந்ததை எங்கள் குழு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, தனித்தனியே ஓடும் ஏழு சிறு சேவைகளாக (மைக்ரோசர்வீஸ்களாக) ஆக்கியிருக்கிறது. பயனர், பட்டியல், தேடல், ஆர்டர், இருப்பு, கட்டணம், அறிவிப்பு. கட்டணம் மட்டும் நோட்.ஜேஎஸ்; மற்றவை எல்லாம் கோ மொழி. இவற்றுக்கு முன்னால் நிற்கும் ஏபிஐ கேட்வேயை நான் கோ மொழியில் எழுதினேன். ஆயத்தக் கருவிகளைப் பார்க்காமல் இல்லை. எங்களுக்கு வேண்டியது நாலைந்து காரியம். அதற்காக அவ்வளவு பெரிய சாமானைக் கொண்டுவந்து இறக்குவானேன் என்று, மொழியோடு வரும் ரிவர்ஸ் பிராக்ஸியை (கோரிக்கையை வாங்கிப் பின்னால் இருக்கும் சேவைக்குக் கடத்தும் பகுதி) எடுத்து மேலே சில பகுதிகளைச் சேர்த்தேன்.

அது செய்வது இவ்வளவுதான்: பாதையின் முதல் பகுதியைப் பார்த்து உரிய சேவைக்குக் கோரிக்கையை அனுப்பும். பயனர் யார் என்று காட்டும், கையொப்பமிட்ட ஜேடபிள்யூடி டோக்கனைச் சரிபார்க்கும். பயனரின் எண்ணை 'எக்ஸ்-யூசர்-ஐடி' என்ற ஹெடரில் (கோரிக்கையோடு போகும் குறிப்பு வரி) வைத்து உள்ளே கொடுக்கும். 2 வினாடிக்குள் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். மொத்தம் 3 முறை. ஒரே நேரத்தில் 200 கோரிக்கைகளுக்கு மேல் எடுக்காது, மீதியை வரிசையில் நிறுத்தும்.

சேவைகள் தங்களுக்குள் பேசுவதும் இதன் வழியாகத்தான். ஆர்டர் சேவைக்கு இருப்பு எங்கே ஓடுகிறது என்று தெரியாது. கேட்வேயின் முகவரி மட்டும் தெரியும். முகவரிகள் ஓரிடத்தில் இருக்கும், லாக் (நடந்ததன் பதிவு) ஓரிடத்தில் இருக்கும் என்பதற்காக அப்படி வைத்தோம்.

இப்போது மூன்று தொல்லைகள். முதலாவது, கட்டண சேவைக்குப் போகும் கோரிக்கைகளில் அவ்வப்போது 502 வருகிறது, அதாவது பின்னால் இருக்கும் சேவையிடமிருந்து சரியான பதில் இல்லை என்ற பிழை. கட்டண சேவையின் லாக்கில் அந்தக் கோரிக்கை வந்த சுவடே இல்லை. வினோதம் என்னவென்றால், கூட்டம் குறைந்த நேரத்தில்தான் இது அதிகம். இரண்டாவது, கூட்டம் ஏறும்போது சில சமயம் கேட்வே அப்படியே உறைந்துவிடுகிறது. சிபியூ சும்மா இருக்கிறது, நினைவகமும் இருக்கிறது, ஆனால் சில வினாடிகளுக்கு எதுவும் நகராது. மூன்றாவது, ஒரே ஆர்டருக்கு இருப்பு இரண்டு முறை குறைந்த சம்பவங்கள்.

இதற்கு நடுவில் மொபைல் குழு ஒன்று கேட்கிறது: முகப்புத் திரைக்கு நான்கு சேவைகளை அழைத்து, சேர்த்து, ஒரே பதிலாகக் கேட்வேயே தரட்டும் என்று. எழுதுவது கஷ்டமில்லை. எழுதலாமா என்பதுதான் கேள்வி. இதையெல்லாம் பார்க்கும்போது நான் எழுதியதைத் தூக்கிவிட்டு ஆயத்தமான ஒன்றுக்குப் போவதே மேலா?


நடுச்சாமம்:

502-ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றதற்கு ஆள் வருவார்கள்.

ஒரு கேள்வி: 502 வருவதெல்லாம் எதையாவது மாற்றச் சொல்லும் போஸ்ட் கோரிக்கைகளா? வெறுமனே படிக்கும் கெட் கோரிக்கை ஒன்றுகூட அதில் இல்லையா?


புதுநிரல்:

இப்போதுதான் பிரித்துப் பார்த்தேன். ஆமாம், அத்தனையும் போஸ்ட். கெட் ஒன்றுகூட இல்லை. கேட்வே லாக்கில் சிலவற்றுக்கு இஓஎஃப் (படிக்க இனி எதுவும் இல்லை) என்றும் சிலவற்றுக்கு இணைப்பு அறுபட்டது என்றும் இருக்கிறது.


நடுச்சாமம்:

அப்படியானால் இது கீப்-அலைவ் தகராறு. உங்கள் நிரலில் பிழை தேடி நேரத்தைப் போக்க வேண்டாம்.

கோ மொழியின் எச்டிடிபி கிளையன்ட், முடிந்த இணைப்பை மூடாமல் அடுத்த கோரிக்கைக்காக வைத்துக்கொள்ளும். இயல்பு அமைப்பில் 90 வினாடி வரை. நோட்.ஜேஎஸ் பல பதிப்புகளாக 5 வினாடி சும்மா இருந்தாலே இணைப்பை மூடிவிடுகிறது. கூட்டம் இருக்கும்போது இணைப்புகள் 5 வினாடி சும்மா இருப்பதே இல்லை, அதனால் பிரச்சினை தெரியாது. கூட்டம் குறைந்தால் இணைப்பு சரியாக அந்த எல்லையில் வந்து நிற்கும். நோட் மூடுகிற அதே நொடியில் உங்கள் கேட்வே அந்த இணைப்பில் கோரிக்கையை எழுதும். எழுதியது நோட் நிரலின் காதுக்கே போகாது. லாக்கில் சுவடு இல்லாததற்குக் காரணம் அதுதான்.

கெட் ஏன் தப்பிக்கிறது என்றால், பழைய இணைப்பு அறுந்ததைப் பார்த்தால் கோ நூலகமே புது இணைப்பில் அதை மறுபடி அனுப்பிவிடும். கெட் இரண்டு முறை போனால் கெடுதல் இல்லை என்று அதற்குத் தெரியும். போஸ்டை அப்படி அனுப்பத் துணியாது. பிழையைத் திருப்பித் தரும். ரிவர்ஸ் பிராக்ஸி அதை 502 ஆக்கி வெளியே கொடுக்கும்.

சரிசெய்ய ஒரே விதி: இணைப்பைப் பெறுகிறவர், அனுப்புகிறவரைவிட அதிக நேரம் அதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். நோட்டில் கீப்-அலைவ் நேரத்தை 95 வினாடி ஆக்குங்கள். பழைய நோட் பதிப்பு என்றால் ஹெடர் டைம்-அவுட்டை அதற்கும் மேலே வையுங்கள். அந்தச் சேவையைத் தொட முடியாது என்றால், கேட்வே பக்கம் சும்மா இருக்கும் நேரத்தை 4 வினாடியாகக் குறையுங்கள். கேட்வேக்கு முன்னால், கோரிக்கைகளைப் பங்கிடும் லோட் பேலன்சர் இருந்தால் அங்கேயும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பக்கத்திலேயே இன்னொரு அமைப்பும் இருக்கிறது. கோ கிளையன்ட் ஒரு முகவரிக்கு 2 சும்மா இணைப்புகளைத்தான் சேமித்து வைக்கும். கேட்வேக்கு அது போதவே போதாது. 50 கோரிக்கைகள் ஒன்றாக முடிந்தால் 48 இணைப்புகளை மூடிவிட்டு, அடுத்த வினாடி மறுபடி 48 திறக்கும். அதை நூறுக்குப் பக்கத்தில் வையுங்கள்.


பழைய சர்வர்:

502-க்கு நண்பர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. மற்ற இரண்டு தொல்லைக்கும் வேர் ஒன்றுதான்: உள் அழைப்புகளைக் கேட்வே வழியாகச் சுற்றவிடுவது. சமையலறையிலிருந்து கூடத்துக்கு வர யாரும் கொல்லை வழியாகத் தெருவுக்குப் போய் வாசற்கதவைத் தட்டுவதில்லை. உங்கள் ஆர்டர் சேவை தினமும் அதைத்தான் செய்கிறது.

உறைந்துபோவதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அது அழகான முடிச்சு. 200 இடம் வைத்திருக்கிறீர்கள். கூட்டம் ஏறி, வெளியிலிருந்து 200 பேர் ஒரே நேரத்தில் ஆர்டர் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 இடமும் நிரம்பிவிட்டது. ஒவ்வொன்றும் ஆர்டர் சேவையின் பதிலுக்காகக் காத்திருக்கிறது. ஆர்டர் சேவை பதில் சொல்ல வேண்டுமானால் இருப்பைக் கேட்க வேண்டும். இருப்பைக் கேட்கக் கேட்வேயில் இடம் வேண்டும். இடம் இல்லை, வரிசையில் நில் என்கிறது கேட்வே. இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவனும் வரிசையில் நிற்பவனும் ஒரே ஆர்டரின் இரண்டு பாதிகள். இருவரில் யாராலும் நகர முடியாது. டைம்-அவுட் வந்து யாரையாவது தூக்கி எறியும்வரை அப்படியே நிற்க வேண்டியதுதான். சிபியூ சும்மா இருக்காமல் என்ன செய்யும்? இடத்தை 400 ஆக்கினால் தீராது, 400 பேர் வரும் நாளுக்குத் தள்ளிப்போகும்.

அடுத்து, இருப்பு இரண்டு முறை குறைவது. உங்கள் கேட்வே 2 வினாடியில் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்புகிறது. பதில் வரவில்லை என்பதற்கு வேலை நடக்கவில்லை என்று பொருள் இல்லை. இருப்பு சேவை 2.3 வினாடியில் முடித்திருக்கும். அதற்குள் இரண்டாவது கோரிக்கை வந்து அதையும் செய்து முடிக்கும். ஆயத்த பிராக்ஸியான என்ஜின்எக்ஸ் 1.9.13 பதிப்பிலிருந்து, சேவைக்கு அனுப்பிவிட்ட போஸ்ட் கோரிக்கையைத் தானாக வேறு சர்வருக்கு மறுபடி அனுப்புவதில்லை. வேண்டுமென்றால் நீங்களே வெளிப்படையாக எழுதிக் கேட்க வேண்டும். அவர்கள் சும்மா அப்படி மாற்றவில்லை.

இதில் சுற்றுப்பாதையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போடுங்கள். வெளியிலிருந்து ஆர்டருக்குப் போகும்போது கேட்வே 3 முறை முயலும். அந்த ஒவ்வொரு முயற்சியிலும் ஆர்டர் சேவை இருப்பைக் கேட்கும். அதையும் கேட்வே 3 முறை முயலும். 9 ஆகிவிட்டது. மொபைல் செயலியும் 3 முறை முயல்கிறதென்றால் 27. ஒரு மனிதர் ஒரு பொத்தானை ஒரு முறை அழுத்தியதற்கு இருப்பு சேவைக்கு 27 கோரிக்கைகள், அதுவும் அது ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து. மெதுவாக இருந்த சேவை விழுந்துபோவது இப்படித்தான்.

ஆகவே, மறுமுயற்சியை ஒரே அடுக்கில் வையுங்கள். கேட்வேயில் வைத்தால் கெட் போன்றவற்றுக்கு மட்டும். போஸ்டுக்கு மறுமுயற்சி வேண்டும் என்றால், அழைப்பவர் ஒரு தனி எண்ணைக் கூட அனுப்பட்டும். ஆர்டர் எண்ணே போதும். இருப்பு சேவை அந்த எண்ணைத் தன் அட்டவணையில், ஒரே எண் இரண்டு முறை வரக் கூடாது என்ற ஒருமைக் கட்டுப்பாட்டோடு, இருப்பைக் குறைக்கும் அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள் எழுதட்டும். இரண்டாவது முறை வரும்போது தரவுத்தளமே தடுக்கும். நீங்கள் பழைய பதிலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இதைக் கேட்வேயில் செய்ய முயலாதீர்கள். இருப்பு உண்மையில் குறைந்ததா என்று அறிந்தவர் இருப்பு சேவை மட்டுமே.

டைம்-அவுட் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே போகப்போக நேரம் குறைய வேண்டும். செயலி 10 வினாடி காத்திருந்தால் கேட்வே 8, ஆர்டர் 5, இருப்பு 2 என்று இறங்கி வர வேண்டும். உங்களிடம் எல்லா அடுக்குக்கும் ஒரே 2. இருப்புக்கு 2 வினாடி காத்திருக்கும் ஆர்டர், தானும் 2 வினாடிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்! வெளிக்கதவு முதலில் கைவிட்டுவிடும், உள்ளே எல்லோரும் யாருக்காகவோ உழைத்துக்கொண்டிருப்பார்கள். ஆயத்தக் கருவிகளுக்குப் போனால் இந்தத் தலைவலி தீரும் என்றும் எண்ண வேண்டாம். என்ஜின்எக்ஸ் இயல்பாக 60 வினாடி காத்திருக்கும், என்வாய் 15 வினாடி, அமேசானின் ஏபிஐ கேட்வே 29 வினாடி. ஒன்றுக்கு மற்றதைப் பற்றி எதுவும் தெரியாது. சேவைகள் தங்களுக்குள் பேச ஜிஆர்பிசி என்ற அழைப்பு முறையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு மீதமுள்ள நேரத்தைக் கோரிக்கையோடு உள்ளே அனுப்பும் வசதி கூடவே வருகிறது. சாதாரண எச்டிடிபியில் அதை நீங்களே ஒரு ஹெடரில் வைத்து அனுப்ப வேண்டும். செய்வது நல்லது, ஆனால் அது இரண்டாம் கட்டம்.

மொபைல் குழு கேட்பது நியாயமான தேவை. கேட்கும் இடம்தான் தவறு. முகப்புத் திரையில் எது மேலே, எது கீழே என்பது மாதத்துக்கு ஒரு முறை மாறும். அதைக் கேட்வேயில் வைத்தால், ஒரு படத்தின் இடம் மாறுவதற்காகக் கட்டணப் பாதையும் ஓடுகிற நிரலை நீங்கள் மறுபடி வெளியிட வேண்டும். அதோடு முடியாது. அடுத்த மாதம் தேடல் குழு வரும், 'இந்த ஒரு புலத்தை மட்டும் மாற்றிக் கொடுங்கள்' என்று. பிறகு கட்டணக் குழு. எல்லோருடைய வேலையும் உங்கள் மேசையில் வந்து வரிசையில் நிற்கும். பிரித்த பெரிய நிரல் கேட்வேக்குள் மறுபடி முளைத்துவிடும். 2015-இலேயே தாட்வொர்க்ஸ் என்ற மென்பொருள் ஆலோசனை நிறுவனம், தொழில்நுட்பங்களை மதிப்பிடும் தன் தொழில்நுட்ப ரேடாரில், அளவுக்கு மீறி ஆசைப்படும் ஏபிஐ கேட்வேக்களை விலக்கி வைக்க வேண்டியவற்றின் வரிசையில் போட்டது. பத்து ஆண்டு கழித்தும் எல்லோரும் அதே குழியைப் பார்த்து நடந்துகொண்டிருக்கிறோம்.

முகப்புக்கென்று ஒரு தனிச் சேவை எழுதச் சொல்லுங்கள். 'பேக்கெண்ட் ஃபார் ஃபிரண்டெண்ட்' என்று சவுண்ட்கிளவுட் என்ற இசைத் தளத்தில் தொடங்கிய முறை அது. அந்தச் சேவை கேட்வேக்குப் பின்னால் இருக்கட்டும், மொபைல் குழுவே அதைச் சொந்தமாக வைத்துக்கொள்ளட்டும். நான்கு சேவைகளையும் ஒரே நேரத்தில் இணையாக அழைக்க வேண்டும், ஒன்றன்பின் ஒன்றாக அல்ல. அதில் ஒன்று விழுந்தால் என்ன காட்டுவது என்பதை இப்போதே அவர்களிடம் எழுதி வாங்குங்கள். நான்கும் தனித்தனியே 99.9 சதவீதம் எழுந்து நிற்பவை என்றால், நான்கும் சேர்ந்தால்தான் பதில் என்ற முகப்பு 99.6 சதவீதமே நிற்கும். அறிவிப்பு எண்ணிக்கை வராததற்காக முகப்பே வராமல் போகலாமா என்பது தொழில்நுட்பக் கேள்வியே இல்லை.

தூக்கிவிட்டு வேறொன்றுக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். நான் போகச் சொல்ல மாட்டேன், இப்போதைக்கு. பாதையைப் பார், டோக்கனைப் பார், அனுப்பு, லாக் எழுது: இந்த நான்கோடு நின்றால் உங்கள் நிரல் சில நூறு வரிகள்தான் இருக்கும், ஒரே உட்காரலில் ஒருவர் படித்துவிடலாம். அது பெரிய சௌகரியம். கேட்வே மூன்று பிரதிகளாக ஓடும்போது கோரிக்கை வரம்பு வேண்டும் என்று யாராவது சொல்லும் நாளில் யோசியுங்கள். ஒவ்வொரு பிரதியும் தன் நினைவகத்தில் தானே எண்ணினால், நிமிடத்துக்கு 100 என்று எழுதியது 300 ஆகிவிடும். எல்லாப் பிரதிகளுக்கும் பொதுவாக எண்ண ரெடிஸ் போன்ற, நினைவகத்தில் இயங்கும் தரவுத்தளம் ஒன்று வேண்டும்; அது விழுந்தால் என்ன செய்வது என்ற கேள்வி வேறு வரும். அந்த மாதிரி வேலையைக் காங், என்வாய், டிராஃபிக் போன்றவை ஏற்கெனவே செய்து, அடிபட்டு, திருத்தி வைத்திருக்கின்றன.


சோதனைக்காரி:

பழைய சர்வர் சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் இரண்டு இடத்தைத் தாண்டிப் போய்விட்டார், இரண்டும் பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை. நெரிசலைவிட எனக்கு அவைதான் அவசரமாகத் தெரிகின்றன.

முதலாவது. உள் அழைப்புகள் கேட்வே வழியாகப் போகின்றன என்றால், 'இருப்பைக் குறை' என்ற பாதை கேட்வேயில் பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் சரியான டோக்கன் வைத்திருக்கும் எந்த வெளியாளும் அதை நேரடியாக அழைக்கலாமே? ஒரு சாதாரணப் பயனர் கணக்கில் நுழைந்து, அந்த டோக்கனை எடுத்து, கட்டளை வரியிலிருந்து அந்தப் பாதைக்கு ஒரு போஸ்ட் அனுப்பிப் பாருங்கள். 404 (அப்படி ஒரு பாதை இல்லை) வந்தால் நிம்மதி. 200 (சரி, முடிந்தது) வந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இதை முதலில் மூடுங்கள். பாதைப் பட்டியல் 'முதல் பகுதியைப் பார்த்து அனுப்பு' என்று இல்லாமல், வெளியே தெரிய வேண்டிய பாதைகளை ஒவ்வொன்றாக, கெட்டா போஸ்டா என்பது உட்பட எழுதியதாக இருக்கட்டும். பட்டியலில் இல்லாதது எதுவும் உள்ளே போகக் கூடாது. முதல் பகுதியை ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும்: வெறும் எழுத்து ஒப்பீடு என்றால், 'ஆர்டர்' என்று தொடங்கும் வேறொரு பாதையும் அதே விதியில் மாட்டும். சதவீதக் குறியோடு மறைத்து எழுதிய சாய்கோடும், இரட்டைப் புள்ளியால் மேலே ஏறும் பாதையும் என்ன ஆகின்றன என்பதற்கும் சோதனை எழுதி வையுங்கள்.

இரண்டாவது, அந்த 'எக்ஸ்-யூசர்-ஐடி' ஹெடர். வெளியிலிருந்து வரும் கோரிக்கையிலேயே அது இருந்தால் கேட்வே அதை முதலில் அழிக்கிறதா? டோக்கன் தேவைப்படாத பொதுப் பாதைகளிலும் அழிக்கிறதா? பெரும்பாலும் ஓட்டை அங்கேதான் இருக்கும்: டோக்கன் உள்ள பாதையில் புதிய மதிப்பு பழையதை மூடிவிடும், பொதுப் பாதையில் வெளியாள் எழுதியது அப்படியே உள்ளே போய்விடும்.

கோவின் ரிவர்ஸ் பிராக்ஸியில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஹெடரை 'டைரக்டர்' என்ற செயற்கூறில் சேர்க்கிறீர்களா, 'ரீரைட்' என்பதில் சேர்க்கிறீர்களா? எச்டிடிபியில் 'கனெக்‌ஷன்' ஹெடரில் பெயர் சொன்ன ஹெடர்கள் இடையில் நிற்பவரோடு முடிந்துவிட வேண்டும், மேலே போகக் கூடாது. டைரக்டர் ஓடி முடிந்த பிறகுதான் ரிவர்ஸ் பிராக்ஸி அவற்றை நீக்குகிறது. ஆகவே ஒரு குறும்புக்காரர் கனெக்‌ஷன் ஹெடரில் 'எக்ஸ்-யூசர்-ஐடி' என்று எழுதி அனுப்பினால், நீங்கள் சேர்த்த ஹெடரை உங்கள் பிராக்ஸியே பிடுங்கி எறிந்துவிடும். உள்ளே இருக்கும் சேவை 'ஹெடர் இல்லை என்றால் இது உள் அழைப்பு, நம்பலாம்' என்று எழுதப்பட்டிருந்தால் கதை முடிந்தது. 2023-இல் வந்த கோ 1.20 பதிப்பில் ரீரைட்டைச் சேர்த்ததே இதற்காகத்தான். அதில் நீக்கும் வேலை முதலில் நடக்கும், உங்கள் ஹெடர் பிறகு சேரும். மாற்றும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: பயனரின் ஐபி முகவரியைச் சுமக்கும் 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்' ஹெடரை டைரக்டர் முறையில் பிராக்ஸியே சேர்க்கும், ரீரைட்டில் நீங்கள் கேட்டால்தான் சேர்க்கும்.

டோக்கன் சரிபார்ப்பு கேட்வேயோடு முடிந்துவிடலாமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். டோக்கன் உண்மையானதா, காலாவதி ஆகிவிட்டதா என்பதைக் கேட்வே பார்க்கட்டும். இந்த ஆர்டர் இந்தப் பயனருடையதா என்பதை ஆர்டர் சேவைதான் பார்க்க முடியும். முடிந்தால் வெறும் எண்ணை உள்ளே கொடுக்காமல் டோக்கனையே கொடுங்கள். கையொப்பம் பொதுத் திறவுகோல் முறையில் இருந்தால் ஒவ்வொரு சேவையும் யாரையும் கேட்காமல் தானே சரிபார்த்துக்கொள்ளும். மைக்ரோ வினாடிக் கணக்கில் முடிகிற வேலை. எந்தக் கையொப்ப முறை என்பதை டோக்கன் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள், நீங்கள் எதிர்பார்க்கும் முறையை நிரலில் உறுதியாக எழுதுங்கள்.


புதுநிரல்:

சோதனைக்காரி சொன்னபடி அனுப்பிப் பார்த்தேன். 200 வந்தது. அந்தப் பாதையை உடனே மூட முடியவில்லை, ஏனென்றால் ஆர்டர் சேவையும் அதே வழியைத்தானே நம்பியிருக்கிறது. அதனால் இப்போதைக்குக் கேட்வேயை இரண்டு போர்ட்டுகளில் ஓடவிட்டிருக்கிறேன்: வெளிப் போர்ட்டில் வெளிப் பாதைகள் மட்டும், உள் வலையமைப்பிலிருந்து மட்டும் தொடக்கூடிய இன்னொரு போர்ட்டில் மீதி. போஸ்டுக்கான மறுமுயற்சியையும் எடுத்துவிட்டேன்.

நேரடி அழைப்புக்கு மாற வேண்டும் என்பது புரிகிறது. இரண்டு சந்தேகங்கள். ஆர்டர் சேவை இருப்பின் முகவரியை எப்படித் தெரிந்துகொள்ளும்? எல்லாமே, சேவைகளின் பிரதிகளை ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில்தான் ஓடுகின்றன. இன்னொன்று, ஓரிடத்தில் லாக் என்ற வசதி போய்விடுமே. ஒரு ஆர்டர் எங்கே நின்றது என்று தேட அது எங்களுக்கு நிஜமாகவே உதவியது.


பழைய சர்வர்:

200 வந்ததா! சோதனைக்காரிக்குத்தான் முதல் நன்றி. இரண்டு போர்ட் ஏற்பாடு நல்ல இடைக்கால வழி. உள் போர்ட்டின் இட வரம்பை வெளிப் போர்ட்டோடு பகிராமல் தனியாக வையுங்கள்; உறைந்துபோவது அதிலேயே பெரும்பாலும் நின்றுவிடும்.

குபெர்னெட்டிஸில் இருந்தால் முகவரிக்கு நீங்கள் எதுவும் எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு சேவைக்கும் கிளஸ்டருக்குள் நிலையான டிஎன்எஸ் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. ஆர்டர் சேவையின் அமைப்பில் கேட்வேயின் முகவரி இருக்கும் இடத்தில் அந்தப் பெயரை எழுதினால் முடிந்தது. பின்னால் எத்தனை பிரதிகள், எவை உயிரோடு இருக்கின்றன என்பதெல்லாம் அதன் பாடு. ஒன்று மட்டும்: இந்தப் பங்கீடு இணைப்புக்கு இணைப்புதான் நடக்கும், கோரிக்கைக்குக் கோரிக்கை நடக்காது. நாளைக்கு உள் அழைப்புகளை ஜிஆர்பிசிக்கு மாற்றினால், ஒரே நீண்ட இணைப்பில் எல்லாக் கோரிக்கைகளும் போய், நான்கு பிரதிகளில் ஒன்று மட்டும் வேர்த்துக்கொண்டிருக்கும். அப்போது கிளையன்ட் பக்கப் பங்கீடோ, சேவைகளுக்கு இடையிலான போக்குவரத்தைக் கவனிக்கும் தனி அடுக்கான சர்வீஸ் மெஷ்ஷோ தேவைப்படும். ஏழு சேவைக்கு மெஷ் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நடுச்சாமம் வந்து சண்டை போடலாம்.


நடுச்சாமம்:

சண்டை இல்லை. ஏழுக்கு வேண்டாம்.

லாக் விஷயத்துக்கு 'டிரேஸ்பேரண்ட்' ஹெடரைப் பிடித்துக்கொள்ளுங்கள். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2020-இல் பரிந்துரையாக வெளியிட்டது. கோரிக்கை உள்ளே நுழையும்போது கேட்வே 32 பதினறும எழுத்துகள் கொண்ட ஓர் எண்ணை உண்டாக்கி அதில் வைக்கும். ஒவ்வொரு சேவையும் தான் செய்யும் அழைப்புகளில் அதே எண்ணைக் கடத்த வேண்டும், லாக் வரி ஒவ்வொன்றிலும் எழுத வேண்டும். பிறகு யார் யாரை நேரடியாக அழைத்தாலும் அந்த எண்ணைத் தேடினால் பயணம் முழுவதும் வரிசையாக வந்துவிடும். இந்த வேலையைச் செய்யும் ஓபன்டெலிமெட்ரி நூலகம் கோவுக்கும் இருக்கிறது, நோட்டுக்கும் இருக்கிறது. இப்போது கேட்வே லாக்கில் உங்களுக்குத் தெரிவது அழைப்பு போன நேரமும் வந்த நேரமும்தான். இதில் ஆர்டர் சேவைக்குள் எந்தத் தரவுத்தள வினவல் இழுத்தது என்பதுவரை தெரியும்.

நேரடி அழைப்புக்கு மாறும் வேலைக்கு வரிசை வேண்டும் என்றால்: உள் போர்ட்டில் யார் எந்தப் பாதையை அழைக்கிறார் என்று சில நாள் எண்ணுங்கள். அதிகம் அழைப்பவரை முதலில் நேரடியாக மாற்றுங்கள். ஒரு பாதையின் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்து, மாத இறுதி வேலைகளும் ஒரு முறை ஓடி முடிந்த பிறகு அதை எடுங்கள். மாத இறுதியில் மட்டும் விழித்துக்கொள்ளும் அறிக்கை நிரல் ஒன்று எல்லா இடத்திலும் இருக்கும்.


புதுநிரல்:

கடைசியாக ஒன்று. கேட்வேக்கு உடல்நலச் சோதனைப் பாதை ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். அது ஏழு சேவைகளையும் தொட்டுப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால்தான் 200 தரும். குபெர்னெட்டிஸ் அதைத்தான் தயார்நிலைக்குப் பார்க்கிறது. இதையும் மாற்ற வேண்டுமா?


சோதனைக்காரி:

மாற்றுங்கள், இன்றைக்கே. அறிவிப்பு சேவை ஒன்று படுத்தால் கேட்வேயின் எல்லாப் பிரதிகளும் ஒரே நேரத்தில் 'தயாராக இல்லை' என்று சொல்லும், குபெர்னெட்டிஸ் அத்தனையையும் போக்குவரத்திலிருந்து விலக்கிவிடும். அறிவிப்பு வராமல் போக வேண்டிய இடத்தில் கடையே மூடிவிடும். தன் பாதைப் பட்டியலைப் படித்துவிட்டதா, டோக்கன் சரிபார்க்கத் திறவுகோல் கையில் இருக்கிறதா என்று மட்டும் கேட்வே பதில் சொல்லட்டும். ஏழு சேவைகளின் நிலையைக் காட்டும் பாதையை உள் போர்ட்டில் தனியாக வைத்து, கண்காணிப்புத் திரைக்கு மட்டும் கொடுங்கள்.